ஒரு என்ட்ரிய கடைசி வரைக்கும் பின்னாடியே போய் பாருங்க: ஃபைனான்ஸ் இன்டர்வியூக்கு போறவங்களுக்கு

பி.காம் முடிச்சவங்க, சிஏ இன்டர்ல ஒரு குரூப் மட்டும் முடிச்சிட்டு வேலைக்கு போயிடலாம்னு முடிவு பண்ணவங்க, எம்பிஏ ஃபைனான்ஸ் கடைசி செமஸ்டர்ல இருக்கறவங்க, எல்லார்கிட்ட இருந்தும் எனக்கு வர்ற மெசேஜ் ஒன்னுதான். அக்கா அடுத்த வாரம் இன்டர்வியூ, என்ன படிச்சிட்டு போகட்டும்? தனித்தனியா பதில் எழுதறப்ப ஒரே விஷயத்த சுருக்கி சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கு, அது எனக்கே பத்தல, அதனால விலாவாரியா இங்க எழுதிடறேன். நான் சென்னைல ஒரு அக்கவுன்டிங் டீம்ல இருக்கேன், ஃப்ரெஷர்ஸையும் ரெண்டு மூணு வருஷ அனுபவம் உள்ளவங்களையும் எடுக்கற பேனல்ல உக்காருறேன், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பாக்கறப்ப என்ன தெரியுதோ அத சொல்றேன்.

வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா படிச்சிட்டுதான் வர்றாங்க. கோல்டன் ரூல்ஸ் கேட்டா கடகடன்னு சொல்லிடுவாங்க, அக்ரூவல்னா என்ன (காசு கைமாறாட்டியும் அந்த காலத்து செலவ அப்பவே கணக்குல ஏத்தறது), டிப்ரிசியேஷன்னா என்ன (சொத்து தேயறத வருஷா வருஷம் செலவா எழுதறது), எல்லாம் புக்ல இருக்கற மாதிரியே வரும். அடுத்த கேள்விலதான் நின்னுடறாங்க. அந்த என்ட்ரிய போடாம விட்டா என்ன ஆகும், பேலன்ஸ் ஷீட்ல எந்த லைன் மாறும், கேஷ் மாறுமா மாறாதா, அடுத்த மாசம் அது என்னவா வந்து நிக்கும்னு கேட்டா அமைதி ஆயிடுவாங்க. நாங்க தேடறது அந்த இடத்துலதான். ஒரு ரூபா உள்ள வந்து எந்த லெட்ஜர்ல உக்காந்து, எங்க நகர்ந்து, கடைசியா எங்க போய் முடியுதுன்னு பின்னாடியே போய் பாக்கற பழக்கம் ஒருத்தர்கிட்ட இருக்கான்னுதான் பாக்கறோம், மத்தத வேலைல சேந்த அப்புறம் சொல்லிக் குடுத்துக்கலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம், இது நான் நிறைய கேக்கற கேள்வி. மார்ச் மாச ஆஃபீஸ் வாடகை 50,000, ஏப்ரல் 5-ம் தேதிதான் கட்டப் போறோம், மார்ச் 31-க்கு என்ன பண்ணுவீங்க? வாடகை டெபிட், அவுட்ஸ்டான்டிங் ரென்ட் கிரெடிட், இது எல்லாரும் சொல்லிடுவாங்க. சரி, இத மறந்துட்டீங்க, என்ன ஆகும்? மார்ச்ல முடியற வருஷத்தோட லாபம் 50,000 அதிகமா காட்டும், லையபிலிட்டி 50,000 கம்மியா காட்டும், கேஷ் அப்படியேதான் இருக்கும் ஏன்னா காசு இன்னும் போகல, அடுத்த வருஷத்துல பன்னெண்டு மாசத்துக்கு பதிலா பதிமூணு மாச வாடகை வந்து உக்காரும். இவ்ளோதான், ஆனா இத தானா சொல்றவங்கள பாத்தாலே எங்களுக்கு பாதி முடிவு ஆயிடும். அப்புறம் இன்னும் ஒரு படி போவோம், 50,000-னு எஸ்டிமேட் போட்டு அக்ரூ பண்ணீங்க, ஏப்ரல்ல இன்வாய்ஸ் 52,000-க்கு வருது, இப்ப? பெரிய கம்பெனில எல்லாம் மார்ச் அக்ரூவல ஏப்ரல் முதல் நாள் ரிவர்ஸ் பண்ணிடுவாங்க, அதாவது அதே என்ட்ரிய திருப்பிப் போட்டுடுவாங்க, அப்புறம் 52,000 இன்வாய்ஸ் புக் ஆகும், மிச்ச 2,000 ஏப்ரல் செலவுல விழும். இந்த ரிவர்சல் விஷயம் காலேஜ்ல அவ்ளோவா வராது, ஆனா மன்த் என்ட் க்ளோசிங் வேலைல சேந்தா முதல் மாசத்துல இருந்தே இதுதான் உங்க வாழ்க்கை, அதனால இத தெரிஞ்சிட்டு போனா பேனல் நிமிந்து உக்காரும்.

அதே வாடகைல இன்னொரு கொக்கி, டிடிஎஸ் (வாங்கறவர் சார்பா நாம பிடிச்சு அரசுக்கு கட்டற வரி) எப்ப பிடிக்கணும்? காசு கட்டும்போதுன்னு டக்குனு சொல்லிடாதீங்க. கணக்குல கிரெடிட் பண்றதோ பேமென்டோ எது முதல்ல வருதோ அப்பவே பிடிக்கணும். டிடிஎஸ் பத்தி பேசறப்ப ஒன்னு முக்கியமா சொல்லணும், 1961 சட்டத்துக்கு பதிலா புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துருக்கு, 194சி, 194ஜே, 194ஐ-ன்னு நம்ம மனப்பாடம் பண்ணி வெச்ச செக்‌ஷன் நம்பர் எல்லாம் இப்ப மாறிடுச்சு, சம்பள டிடிஎஸ் 392-லயும் மத்த டிடிஎஸ் எல்லாம் சேத்து 393-லயும் வந்துடுச்சு. பழைய நோட்ஸ கைல வெச்சிட்டு படிக்கறவங்க இத கண்டிப்பா ஒரு தடவ சரி பாத்துட்டு போங்க. பழைய நம்பர சொன்னா தப்புன்னு ஒதுக்க மாட்டாங்க, ஆனா மாறினது தெரியும்னு ஒரு வரி சேத்து சொன்னீங்கன்னா நீங்க அப்டேட்டா இருக்கீங்கன்னு புரிஞ்சிடும்.

அடுத்தது அந்த புகழ்பெற்ற டிப்ரிசியேஷன் கேள்வி, உலகம் பூரா கேக்கறாங்க, சென்னைலயும் கேக்கறாங்க. டிப்ரிசியேஷன் 10 ரூபா கூடினா லாப நஷ்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ, பேலன்ஸ் ஷீட்னு மூணு ஸ்டேட்மென்ட்லயும் என்ன மாறும்? டேக்ஸ் 25 சதவீதம்னு வெச்சிக்கங்க. வரிக்கு முந்தின லாபம் 10 குறையும், அதனால வரி 2.50 குறையும், நிகர லாபம் 7.50 குறையும். கேஷ் ஃப்ளோவுல 7.50 குறைவா ஆரம்பிச்சு, டிப்ரிசியேஷன் காசு போகாத செலவுங்கறதால 10-ஐ திரும்ப கூட்டுவோம், ஆக கேஷ் 2.50 கூடும். பேலன்ஸ் ஷீட்ல ஒரு பக்கம் கேஷ் 2.50 மேல, ஃபிக்ஸட் அசெட் 10 கீழ, மொத்தம் 7.50 கீழ, அந்தப் பக்கம் ரிட்டெய்ன்ட் எர்னிங்ஸ் 7.50 கீழ, ரெண்டும் சமம். இத மனப்பாடம் பண்ணவங்கள கண்டுபிடிக்கறது ரொம்ப ஈஸி, 10-க்கு பதிலா 40-னு கேட்டா போதும், இல்லன்னா டிப்ரிசியேஷனுக்கு பதிலா ஸ்டாக் ரைட் ஆஃப்னு (வீணான சரக்க கணக்குல இருந்து எடுக்கறது) மாத்திக் கேட்டா போதும். அதனால தயவு செஞ்சு பேப்பர்ல போட்டு போட்டு பாருங்க, நம்பர மாத்தி மாத்தி போடுங்க, கடைசில ரெண்டு பக்கமும் சமமா வரணும், வரலன்னா எங்க விட்டோம்னு தேடுங்க, அந்த தேடல்லதான் விஷயமே உள்ள இறங்கும்.

நீங்க எந்த வேலைக்கு போறீங்கன்னு பாத்து கேள்வி மாறும். பி2பி, ஓ2சி, ஆர்2ஆர்னு ஜாப் டிஸ்க்ரிப்ஷன்ல போட்டிருப்பாங்க, வாங்கற பக்கம், விக்கற பக்கம், கணக்க முடிச்சு ரிப்போர்ட் குடுக்கற பக்கம், அவ்ளோதான். கிண்டி, போரூர், ஓஎம்ஆர் பக்கம் இருக்கற ஷேர்ட் சர்வீஸ் ஆஃபீஸ் எல்லாத்துலயும் இந்த மூணுல ஏதோ ஒன்னுலதான் ஃப்ரெஷர்ஸ் ஆரம்பிப்பாங்க.

பி2பி-ன்னா த்ரீ வே மேட்ச் கேக்காம விட மாட்டாங்க, அதாவது பிஓ (நம்ம ஆர்டர்), ஜிஆர்என் (சரக்கு வந்ததுக்கான பதிவு), இன்வாய்ஸ் மூணும் ஒத்துப் போகுதான்னு பாக்கறது. 100 பீஸ், பீஸ் 500 ரூபான்னு பிஓ போட்டாச்சு, குடோன்ல ஜிஆர்என் 90 பீஸ்க்குதான் போட்டிருக்காங்க, வெண்டர் இன்வாய்ஸ் 100 பீஸ்க்கு 50,000 அனுப்பிட்டாரு, என்ன செய்வீங்க? வெண்டருக்கு ஃபோன் பண்ணுவேன்னு நிறைய பேர் ஆரம்பிக்கறாங்க. முதல்ல இன்வாய்ஸ பேமென்ட்டுக்கு பிளாக் பண்ணணும், அப்புறம் நம்ம குடோன்லயே கேக்கணும், மிச்சம் 10 நிஜமாவே வரலயா இல்ல வேற ஜிஆர்என்-ல ஏத்திட்டாங்களா, நிஜமாவே வரலன்னா வெண்டர்கிட்ட 5,000-க்கும் அதுக்குண்டான ஜிஎஸ்டிக்கும் கிரெடிட் நோட் கேக்கணும், இல்ல மிச்ச சரக்க அனுப்பச் சொல்லணும். ஜிஎஸ்டி பக்கம் இருந்தும் இதுக்கு ஒரு பதில் இருக்கு, சரக்கு கைக்கு வராம இன்புட் டேக்ஸ் கிரெடிட் (வாங்கறப்ப குடுத்த ஜிஎஸ்டிய நாம கட்ட வேண்டியதுல கழிச்சிக்கறது) எடுக்க முடியாது, ஜிஎஸ்டி போர்ட்டல் தர்ற ஜிஎஸ்டிஆர்-2பி ஸ்டேட்மென்ட்ல அந்த இன்வாய்ஸ் வந்துருந்தாலும் சரி. இந்த கடைசி வரிய சேத்து சொன்ன ஒரு பொண்ண எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, நாங்க அடுத்த கேள்வியே கேக்காம சம்பளம் பேச ஆரம்பிச்சிட்டோம்.

எஸ்ஏபி (பெரிய கம்பெனிங்க கணக்கு போடற சாஃப்ட்வேர்) தெரியுமான்னு கேப்பாங்க. மிகோ, மிரோ, எஃப்பி60, எஃப்பிஎல்1என்-னு அதுல ஒவ்வொரு ஸ்க்ரீனையும் திறக்கற டி-கோட மட்டும் படிச்சிட்டு போய் ஒப்பிக்காதீங்க. மிகோல சரக்கு வரவு போடறப்ப என்ன என்ட்ரி விழுது, மிரோல இன்வாய்ஸ் போடறப்ப என்ன விழுது, நடுவுல ஜிஆர்/ஐஆர் அக்கவுன்ட் எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சா போதும், ஸ்க்ரீன பாக்காதவங்க கூட பதில் சொல்லிடலாம்.

ஃபண்ட் அக்கவுன்டிங் போறவங்களுக்கு என்ஏவி, அதாவது ஃபண்டோட ஒரு யூனிட் மதிப்பு. ஒரு ஃபண்ட்ல ஒரு கம்பெனி ஷேர் 1,000 இருக்கு, விலை 400, அந்த கம்பெனி 1:1 போனஸ் குடுக்குது, எக்ஸ் டேட் (போனஸ் கழிஞ்ச விலைல ஷேர் ஓட ஆரம்பிக்கற நாள்) அன்னிக்கு விலை 200-க்கு வந்துடும், நீங்க போனஸ புக் பண்ண மறந்தா 4 லட்சம் இருக்க வேண்டிய இடத்துல 2 லட்சம்தான் காட்டும், அன்னிக்கு என்ஏவி தப்பா போய் அந்த தப்பான விலைல ஒருத்தர் யூனிட் வாங்கிட்டும் போயிடுவார். அதோட செட்டில்மென்ட் சைக்கிளும் பாத்துட்டு போங்க, நம்ம ஊர்ல 2023 ஜனவரில ஷேர் மார்க்கெட் முழுசா டி+1-க்கு (வாங்கி வித்த அடுத்த வேலை நாளே காசும் ஷேரும் கைமாறறது) வந்தாச்சு, அமெரிக்கா 2024 மே 28-ல வந்துச்சு.

என்பிஎஃப்சி (பேங்க் இல்லாத கடன் குடுக்கற கம்பெனி), பேங்க் கிரெடிட் வேலைக்கும் நம்ம ஊர்ல நல்ல இடம் இருக்கு. சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் எல்லாம் சென்னைலயே வளந்தது, கரூர்ல கேவிபி, கும்பகோணத்துல சிட்டி யூனியன், தூத்துக்குடில டிஎம்பின்னு நூறு வருஷம் தாண்டின பேங்க் எல்லாம் இங்க இருக்கு. இங்க போறப்ப 90 நாள் தாண்டினா என்பிஏன்னு (வராக்கடன்) சொன்னா பத்தாது, அதுக்கு முன்னாடி எஸ்எம்ஏன்னு எச்சரிக்கை நிலைங்க இருக்கு. டியூ தேதில கட்டலன்னா எஸ்எம்ஏ-0, 30 நாள் தாண்டினா எஸ்எம்ஏ-1, 60 தாண்டினா எஸ்எம்ஏ-2, 90 தாண்டினா என்பிஏ, இந்த வரிசைய சொல்லணும். அப்புறம் கேப்பாங்க, லாரி லோன் வாங்கினவர் நாலு டியூ நிலுவைல என்பிஏ ஆயிட்டாரு, ஒரு டியூ வந்து கட்டிட்டாரு, இப்ப ஸ்டான்டர்ட் (ஒழுங்கான கடன்) ஆயிடுமா? ஆகாது, நிலுவைல இருக்கற அசல் வட்டி மொத்தமும் கட்டினாதான் திரும்பும்னு ஆர்பிஐ 2021 நவம்பர்ல தெளிவா சொல்லிடுச்சு. 2018-ல ஐஎல் அண்ட் எஃப்எஸ்ங்கற உள்கட்டமைப்பு ஃபைனான்ஸ் கம்பெனி ஏன் விழுந்துச்சுன்னும் படிச்சிட்டு போங்க, குறுகிய காலக் கடன் வாங்கி ரோடு, மின்சாரம்னு பல வருஷம் கழிச்சு காசு வர்ற இடத்துல போட்டாங்க, திருப்பிக் கட்ட வேண்டிய நாள் முன்னாடி வந்துடுச்சு, டிரிபிள் ஏ ரேட்டிங் இருந்தும் தப்பிக்கல. கடன் குடுக்கற எந்த கம்பெனி இன்டர்வியூலயும் இது பேச்சுக்கு வரும்.

லாபம் இருக்கு காசு இல்ல, ஏன்? இந்த கேள்விக்கு நான் கேட்ட நல்ல பதில் திருப்பூர் பக்கம் இருந்து வந்த ஒரு தம்பி சொன்னது. அவங்க அப்பா சின்னதா பிரின்டிங் யூனிட் வெச்சிருக்காரு, ஜாப் ஒர்க். சாயம், கரன்ட், ஆளுங்க கூலி எல்லாம் வாராவாரம் குடுத்தாகணும், எக்ஸ்போர்ட் பண்றவங்க கிட்ட இருந்து பேமென்ட் ரெண்டு மாசம் மூணு மாசம் கழிச்சுதான் வரும், சீசன்ல ஆர்டர் ஜாஸ்தி ஆக ஆக வீட்ல நகை பேங்குக்கு போகும்னான். ஒர்க்கிங் கேபிட்டல (தொழில் தினப்படி ஓடறதுக்கு தேவைப்படற காசு) இதுக்கு மேல யாரும் விளக்க முடியாது. அதுக்கு அப்புறம் அவன்கிட்ட கணக்கு போடச் சொன்னோம், வருஷத்துக்கு 73 கோடி சேல்ஸ், டெட்டார்ஸ் (வசூல் ஆக வேண்டிய பாக்கி) 12 கோடி, வசூல் ஆக எத்தன நாள்? 60 நாள். முன்னாடி 45 நாள் இருந்துச்சுன்னா எவ்ளோ காசு கூடுதலா மாட்டிட்டு இருக்கு? 45 நாள்னா 9 கோடி, அப்ப 3 கோடி. பேனாவ எடுத்து அங்கயே கணக்க போட்டுட்டான்.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லக்கான்னு சொல்றவங்கள்ல பாதி பேர் வீட்ல ஒரு மளிகைக் கடையோ தறியோ மாட்டுப் பண்ணையோ சீட்டோ ஓடிட்டு இருக்கும், கணக்கு நோட்ட இவங்கதான் எழுதுவாங்க, அத ரெஸ்யூமேல ஒரு வரி போட மாட்டாங்க. வெக்கப்படாதீங்க. கடைல யார் யாருக்கு எவ்ளோ பாக்கி, எந்த சரக்கு தேங்குது, மொத்த வியாபாரி எத்தன நாள் டைம் குடுக்கறாரு, இதெல்லாம் நிஜமான ஃபைனான்ஸ். ஒரு மாச கணக்க நீங்களே உக்காந்து ஒரு பி அண்ட் எல், ஒரு பேலன்ஸ் ஷீட்டா போட்டு எடுத்துட்டு போங்க, காலேஜ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட விட அதப் பத்திதான் நாங்க ஆசையா கேப்போம்.

பிஆர்எஸ் (நம்ம புக்ல இருக்கற பேங்க் பேலன்ஸ பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாக்கறது) எல்லாருக்கும் சின்ன விஷயமா தெரியுது, ஆனா அத சின்னதா நினைக்காதீங்க. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவரா இருந்த ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ம் தேதி எழுதின லெட்டர்ல, புக்ல காட்டின கேஷ், பேங்க் பேலன்ஸ்ல 5,040 கோடி இல்லவே இல்லன்னு ஒத்துக்கிட்டாரு. பேங்க்ல இருந்து நேரா கன்ஃபர்மேஷன் வாங்கி புக்கோட ஒத்துப் பாக்கற வேலைய ஒழுங்கா செஞ்சிருந்தா அவ்ளோ வருஷம் அது மறைஞ்சு இருந்திருக்காது. ரீகன்சிலியேஷன் போஸ்டிங் கிடைச்சா போர் வேலைன்னு நினைக்கறவங்களுக்கு இத நான் எப்பவும் சொல்வேன்.

எக்ஸெல் டெஸ்ட் எல்லா இடத்துலயும் இருக்கும். விலுக்அப், எக்ஸ்லுக்அப், சம்இஃப்ஸ், பிவட், இது நாலும் கை தானா போகற அளவுக்கு பழகிடுங்க, யூடியூப் போதும், காசு குடுத்து கோர்ஸ் வேணாம்.

இங்கிலீஷ் பத்தி. தமிழ் மீடியம் பசங்க இதுல ரொம்ப மனசு ஒடஞ்சு போறாங்க, எனக்கு அத பாக்கறப்ப கஷ்டமா இருக்கு. வெளிநாட்டு டீமோட பேசற வேலைன்னா பேச்சு ஓரளவு வேணும்தான், மறுக்கல, ஆனா ஆக்சென்ட் யாருக்கும் வேணாம், சின்ன சின்ன வாக்கியமா, ஒன்னு முடிச்சு அடுத்ததுன்னு சொன்னா போதும். மேல சொன்ன வாடகை உதாரணத்த வீட்ல சத்தமா இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, மறுபடி சொல்லுங்க. இன்டர்வியூல வார்த்தை வரலன்னா ஒரு பேப்பர் குடுங்க எழுதிக் காட்டறேன்னு கேளுங்க. யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, எழுதிக் காட்டறவங்கள எனக்கு தனிப்பட்ட முறைல ரொம்ப பிடிக்கும், யோசிக்கறது கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேள்வி வந்தா தெரியலன்னு சொல்லிட்டு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இப்படி யோசிப்பேன்னு ஒரு முயற்சி பண்ணுங்க.

சிஏ அட்டெம்ப்ட் போனத மறைக்காதீங்க. ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர்கிட்ட எடுக்கற பயிற்சி) முடிச்சு ஃபைனல் க்ளியர் ஆகலன்னா கூட அந்த ஆடிட் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கு, எந்த கம்பெனி ஆடிட்ல என்ன வேலைய நீங்க உங்க கையால செஞ்சீங்கன்னு சொல்லுங்க, கம்பெனி பேர வெளில சொல்லக் கூடாதுன்னா என்ன தொழில்னு மட்டும் சொல்லுங்க. நடுவுல ரெண்டு வருஷம் கேப் இருக்கேன்னு கேட்டா படிச்சேன்னு நேரா சொல்லுங்க. போலி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கித் தரேன்னு சுத்தறவங்க இருக்காங்க, பக்கத்துலயே போகாதீங்க. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல பிஎஃப் யுஏஎன் (உங்க பிஎஃப் நம்பர்) சர்வீஸ் ஹிஸ்டரி பாத்தாலே எங்க எப்ப வேலை பாத்தீங்கன்னு வந்துடும், சேந்து நாலு மாசம் கழிச்சு கூட அனுப்பிடுவாங்க, காசு பணம் இருக்கற துறைல அந்தப் பேர் ஒட்டிக்கிச்சுன்னா போகாது.

சம்பளம் பேசறப்ப சிடிசி (உங்களுக்காக கம்பெனிக்கு வருஷத்துக்கு ஆகற மொத்த செலவு) வேற, கைக்கு வர்றது வேற. 3.6 லட்சம்னு சொன்னாங்கன்னா மாசம் 30,000 வரும்னு வீட்ல சொல்லிடாதீங்க. கம்பெனி பங்கு பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம், கிராஜுவிட்டி 4.81 சதவீதம், இன்சூரன்ஸ், வேரியபிள் பே எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும், அப்புறம் உங்க பங்கு பிஎஃப் வேற பிடிப்பாங்க. டேக் ஹோம் எவ்ளோன்னு பிரேக்அப் கேளுங்க, ஃபைனான்ஸ் வேலைக்கு வர்றவங்க அத கேக்கறத யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஷிப்ட் என்ன, வீட்டுக்கு கொண்டு விட கேப் வண்டி உண்டா, நோட்டீஸ் பீரியட் 90 நாளா, இதையும் கேட்டுக்கங்க, முக்கியமா மாசக் கடைசி, மாச ஆரம்பம் க்ளோசிங்ல லீவு கிடைக்காது, தீபாவளி அந்த வாரத்துல வந்தா என்ன பண்ணுவாங்கன்னு கூட கேளுங்க.

கடைசியா, கன்சல்டன்சின்னு சொல்லிட்டு ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இவ்ளோ, ட்ரெயினிங்க்கு இவ்ளோ, லேப்டாப் டெபாசிட் இவ்ளோன்னு காசு கேக்கறாங்க, ஒரிஜினல் மார்க் ஷீட்ட வாங்கி வெச்சிக்கறேங்கறாங்க. ஒழுங்கான எந்த கம்பெனியும் வேலைக்கு எடுக்க காசு கேக்காது. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன்கிட்ட இப்படி ஒரு ஆஃபர் லெட்டர் வந்துச்சு, லோகோ, சீல் எல்லாம் பக்காவா இருந்துச்சு, மெயில் ஐடி மட்டும் சாதா ஜிமெயில். உங்களுக்கு அப்படி வந்தா, அந்த கம்பெனியோட வெப்சைட்டுக்கு நீங்களே போய், அங்க இருக்கற கேரியர்ஸ் பக்கத்து மெயிலுக்கு அந்த லெட்டர அனுப்பி இது உங்களோடதான்னு கேளுங்க, அங்கிருந்து பதில் வர்ற வரைக்கும் ஒரு ரூபா கூட யாருக்கும் ஜிபே பண்ணாதீங்க.